ஏட்டில் உலர்ந்த பூனைப்புதினா

முதுவேனில் தன் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விடைபெறும் நாட்கள் அவை. மூன்று மாதம் தெருக்களைச் சுட்டெரித்த வெயில், சினம் ஆறிய அரசனைப் போல, ஒவ்வொரு மாலையும் சற்று முன்னதாகவே அவையைக் கலைத்துச் சென்றது. மரங்கள் இன்னும் இலை உதிர்க்கவில்லை. உதிர்க்கப்போவதை அறிந்தவைபோல் அசைவடங்கி நின்றன. காற்று பகல் முழுதும் மௌனம் காத்து, அந்தியில் ஒரேயொரு முறை நெடிதாக மூச்செறிந்தது. வானின் நீலம் ஆழ்ந்தது. நிழல்கள் நீண்டன. நீர்த்தொட்டியின் விளிம்பில் வந்தமர்ந்த பறவைகளும் குரலைத் தாழ்த்தியே பேசின. நிலையாமையை உரைக்க வந்த பருவம் அது. கற்றோர் உள்ளம் அதைக் கண்டு கனியும்; கல்லாதோரும் காரணம் அறியாமலே சற்றுத் தலை குனிவர்.

இவ்வாறு உலகம் முழுதும் உள்ளொடுங்கி நின்ற ஒரு காலைப்பொழுதில், பைண்டர் வீட்டு மொட்டைமாடியில், பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரின் கடுவன் பூனை மூன்றாம் தொட்டிக்குள் மல்லாந்து கிடந்து, நான்கு கால்களையும் வானுக்குக் காட்டி, எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, வேலை செய்யுது" என்றார் பைண்டர்.

"டாக்டர் வீட்டுப் பூனைக்குத்தானே செய்யுது. அது சோப்பு டப்பாவைப் பாத்தாலும் இப்படித்தான் கிடக்கும்" என்றாள் துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கை.

தொட்டிகளில் வளர்ந்திருந்தது பூனைப்புதினா. சமையலுக்கு ஆகும் புதினாவுக்கு அது ஒன்றுவிட்ட உறவு. சதுரத் தண்டு, மென்மயிர் போர்த்த சாம்பல்பச்சை இலை, நுனியில் வெளிறிய ஊதாப் பூ. மனிதர் முகர்ந்தால் 'ஏதோ பச்சிலை' என்று சொல்லி நகர்வர். பெரும்பாலான பூனைகளோ அதை முகர்ந்த மாத்திரத்தில் குலம், கோத்திரம், மானம், மரியாதை அனைத்தையும் துறந்து உருளும். கால் மணி நேரத்தில் தெளிந்து, ஒன்றும் நடவாததுபோல் மீசையைத் துடைத்துக்கொள்ளும்.

பைண்டர் அந்தச் செடியை வளர்த்த காரணம் வேறு.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. வீட்டின் முன்னறையே பட்டறை: ஒரு நீண்ட மேசை, இரும்பு அழுத்துப்பொறி, பசைச்சட்டி, ஊசி நூல், காலிகோத் துணிச் சுருள்கள், புத்தக முதுகைத் தட்டி வளைக்கும் சுத்தியல். விடியலில் விளக்கேற்றிப் பதிகம் ஓதாமல் அவர் பசைச்சட்டியைத் தொட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ள நேரம் வாய்க்கவில்லை என்பார்; பெண்தான் வாய்க்கவில்லை என்பாள் தங்கை. அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பைத் தவிர எதையும் எளிதில் நம்பாதவள். கல்யாணத்தை ஒருமுறை செய்து பார்த்து, அதில் மிஞ்சிய ஒரே உருப்படியான ஆஸ்தியாகிய பூனையுடன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆறு ஆண்டுகளில் அந்தப் பூனை உள்ளறை, கூடம், சன்னல், நாற்காலி என ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டதால், அதற்குச் சமஸ்தானம் என்று பெயர் நிலைத்தது.

சமஸ்தானம் வெல்லாத நாடு முன்னறை ஒன்றே. அங்கே சுத்தியல் அடிக்கும் ஒலி அதற்கு ஆகாது. தும்மும்போது பைண்டர் எழுப்பும் ஓசையோ அதைவிட ஆகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு நாள் அவர் தாள் அலமாரியைப் பூட்டிக்கொண்டு வெளியே சென்று மாலையில் திரும்பித் திறந்தபோது, உள்ளிருந்து சமஸ்தானம் வெளிவந்தது. ஒன்பது மணி நேரச் சிறைவாசத்தை அது மன்னிக்கவில்லை. அன்றுமுதல் அவர் கூடத்துக்குள் கால் வைத்தால் அது உள்ளறை அலமாரிக்கு அடியில் போய்விடும். வால்நுனி மட்டும் வெளியே தெரியும். அதுவும் அவரைத் திட்டுவது போலவே ஆடும்.

இளவேனில் தொடக்கத்தில் தங்கைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேனில் முடிந்ததும் வேற்றூரில் ஓராண்டு வேலை, தங்க விடுதி, பூனைக்கு அங்கே இடமில்லை.

"உன்கிட்ட விட்டுட்டுப் போகத்தான் ஆசை. ஆனா போன தடவை நான் நாலு நாள் பயிற்சிக்குப் போனப்போ அவ ரெண்டு நாள் வாயே திறக்கலை. பூனை அப்படிப் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும்னு கால்நடை டாக்டர் சொன்னார். அங்க உக்காந்துக்கிட்டு நான் நிம்மதியா ஒரு எலும்பைக்கூடப் பாக்க முடியாது. நல்ல இடமா யார்கிட்டயாவது கொடுத்துடறேன்."

"கொடு. எனக்கென்ன" என்றார் பைண்டர்.

எனக்கென்ன என்றவர் அந்த வாரமே, கல்லூரி ஆண்டு மலர்களைப் பைண்டு செய்யக் கொடுக்கும் தாவரவியல் ஆசிரியையிடம் போய், பூனைகளை வசப்படுத்த வழியுண்டா என்று கேட்டு, ஒரு பொட்டலம் விதையோடு திரும்பினார். தங்கையும் போய்ப் பூனையும் போய்விட்டால், அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சு விடுவது ஒன்றும் இராது. அதை வாய்விட்டுச் சொல்வதைவிட ஆறு தொட்டி மண் சுமப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

செடி பூத்தது. குளிர் வந்தால் கருகிவிடும். உலர்த்தி வைத்தால் ஓராண்டுக்கு வரும். ஆசிரியை விதையோடு ஒரு சீட்டும் எழுதித் தந்திருந்தார்: பூ விடும் சமயத்தில், பனி காய்ந்த காலையில் தண்டோடு அறுக்கவும். கைப்பிடியளவு கட்டுகளாகக் கட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தலைகீழாக இரண்டு வாரம் தொங்கவிடவும். வெயில் ஆகாது. நசுக்கவும் ஆகாது, மணமெல்லாம் இலையின் எண்ணெயில் இருக்கிறது.

பைண்டர் அந்தச் சீட்டை மாணவன் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரின் முகத்தோடு படித்தார்.

"தலைகீழாத் தொங்குறது வவ்வாலுக்கு. இலைன்னா தாளுக்கு நடுவுல வெச்சு மேல கனம் ஏத்தணும். முப்பத்தஞ்சு வருஷமா ஈரத்தைக் காயவைக்கிறவன் நான்."

"நசுக்காதேன்னு எழுதியிருக்கே."

"இது நசுக்குறது இல்ல. ஒரு நிதானமா, நாலு பக்கமும் ஒரே அளவா அழுத்துறது. பட்டறைக்குள்ள வராதவங்களுக்கு அது தெரியாது."

"அப்போ பூனைக்கும் தெரியாது" என்றாள் தங்கை.

கடுவனைத் தொட்டியிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தூக்கி அப்புறப்படுத்திவிட்டு, அன்று காலையே நான்கு தொட்டிச் செடிகளை அறுத்தார். இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, மையொற்றுத் தாள்களுக்கிடையே, ஒன்றன்மேல் ஒன்று படாமல், வரி வரியாகப் பரப்பினார். இரண்டாம் தொட்டியின் இலை முடிவதற்குள் மையொற்றுத் தாள் தீர்ந்துவிட்டது.

மேசையில் இருந்தது பாராயணக் குழுவின் ஏடு. குழுவினர் சுற்றியமர்ந்து ஓதுவதற்காக, பெரிய எழுத்தில், கையால் செய்த தடித்த கைத்தாளில் அச்சடித்து வந்திருந்த ஆயிரத்திருநூறு பக்கப் பதிகத் தொகுப்பு. அச்சுத்தாள்களைப் பாரம் என்னும் கட்டுகளாக மடித்தாயிற்று. தைப்பதற்குமுன் எப்படியும் இரண்டு வாரம் பொறிக்குள் கிடக்க வேண்டும். நல்ல தாள், நீரைக் கண்டால் குடிக்கும் தாள். மற்றபடி ஒவ்வொரு பக்கத்திலும் இறைவன் புகழ். இலைக்கு இதைவிட நல்ல சேர்க்கை எங்கே கிடைக்கும்? பைண்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பன்னிரண்டாம் பதிகம் தொடங்கி நூற்றெட்டாம் பதிகம் வரை, எழுத்துப் படாத ஓரங்களில், பூனைப்புதினாவை அடுக்கிப் பொறியின் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது இலைகள் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தன. சுருக்கமில்லை, கருப்பில்லை, நரம்பு நரம்பாகத் தெரிந்தன. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே வைக்கலாம். அவற்றைச் சாடியில் இட்டு, ஒரு பிடியை உள்ளங்கையில் நொறுக்கிக்கொண்டு, உள்ளறைத் தரையில் அமர்ந்து, அலமாரிக்கு அடியில் தெரிந்த வால்நுனியை நோக்கிக் கையை நீட்டினார்.

நெடுநேரம் கழித்துச் சமஸ்தானம் மூக்கை மட்டும் வெளியே அனுப்பியது. முகர்ந்தது. தும்மியது. தூள் முழுவதும் பைண்டர் முகத்தில் பறந்தது. பதிலுக்கு அவர் தும்மினார். அதன்பின் இரண்டு நாள் அந்த வால்நுனியும் கண்ணில் படவில்லை.

"அழுத்தினது போதலையோ என்னவோ" என்றாள் தங்கை.

அவர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பசை சீராகக் காய வேண்டும் என்பது காரணம். பத்து நாள் ஏட்டைத் தைத்து, முதுகு வளைத்து, அட்டை கட்டினார். அந்தப் பத்து நாளும் தங்கை தெரிந்தவர்களிடமெல்லாம் பூனைக்கு இடம் விசாரித்தாள். ஒருவருக்குக் கிளி இருந்தது. ஒருவருக்கு மாமியார் இருந்தாள்.

அவள் புறப்பட வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலையில், ஏட்டை வாங்கிப்போகப் பாராயணக் குழுவின் தலைவர் வந்தார். துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கரையில் நின்றபடி கப்பலைக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஓய்வு பெற்ற பிறகு அதே குரலால் இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏட்டை ஒரு தாழ்ந்த பலகையின்மேல் விரித்து வைத்தார் பைண்டர். தலைவர் அதைச் சுற்றி வந்து, தடவி, முகர்ந்து, பக்கங்களைப் புரட்டினார்.

"ஓரத்துல இதென்ன, இலை இலையா ஒரு நிழல்?"

கைத்தாளின் ஓரங்களில், பன்னிரண்டாம் பதிகம் தொடங்கி, இளம்பச்சைச் சாயல்கள் படிந்திருந்தன. பைண்டர் பொய் சொல்லிப் பழகாதவர், ஆகையால் இருமினார்.

"தனி வேலைப்பாடு. கேக்காமலே செஞ்சிருக்கீங்க. கலைஞன்யா நீங்க" என்று தலைவர் கேள்விக்கு விடையையும் தாமே வழங்கி, சம்மணமிட்டு அமர்ந்து, கண்ணை மூடிப் பன்னிரண்டாம் பதிகத்தை எடுத்தார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தங்கை தேநீர்க் கோப்பைகளோடு வாசற்படியிலேயே நின்றாள்.

அவள் காலை உரசிக்கொண்டு சமஸ்தானம் உள்ளே வந்தது.

தாள் அலமாரிச் சிறைவாசத்துக்குப் பிறகு அது கால் வைக்காத முன்னறை. அது யாரையும் பார்க்கவில்லை. மூக்கு முன்னே இழுக்க, உடல் பின்னே வர, நேராகப் பலகையின்மேல் ஏறியது. முதலில் முகர்ந்தது. வலக்கன்னத்தைத் தாளில் வைத்து நெடுகத் தேய்த்தது; பின் இடக்கன்னம். வாயோரத்தில் நீர் சுரந்து, 'அடியேன்' என்ற சொல்லின்மேல் சொட்டியது. பின்பு முன்கால்களை நீட்டி, நெற்றி தாளில் பட விழுந்து, வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை உருண்டு, மல்லாந்து, வயிற்றை உலகுக்குக் காட்டி, இமை பாதி மூடியபடி உறுமியது. இருபது ஆண்டுகளாகத் தலைவரின் குழுவில் ஓதி வந்த பதினாறு பேரில் ஒருவர்கூட இதில் பாதி உருக்கம் காட்டியதில்லை.

நான்காம் அடியில் தலைவர் கண் திறந்தார். பாட்டு நின்றது. அவர் கண்ணில் நீர் திரண்டது.

"பாத்தீங்களா" என்றார், அவருக்கு இருப்பதாகவே யாரும் அறியாத ஒரு மெல்லிய குரலில். "வாயில்லாச் சீவன். இதுக்கு என்ன வயசும்மா?"

"ஏழு."

"ஏழு வருஷமா இந்தக் குரலுக்குக் காத்திருந்திருக்கு."

தங்கை பூனையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அறிந்தவரையில் சமஸ்தானம் தானாக ஓர் ஆணின் அருகே சென்றதில்லை. இப்போது அது தலைவரின் வேட்டி நுனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. எலும்பைத் தவிர எதையும் நம்பாதவளின் முகத்திலும் ஒரு குழப்பம் தெரிந்தது.

"இவளுக்கு ஒரு இடம் தேடிக்கிட்டிருக்கோம்" என்று மெல்லச் சொன்னாள்.

"தேடவே வேண்டாம். கூடத்தை ஒட்டித் தோட்டம் இருக்கு. என் வீட்டம்மா ரெண்டு வேளையும் மீன் வேக வெச்சுப் போடுவா. காலையும் மாலையும் பாட்டு கேக்கும். நாளைக்கே அனுப்பிடுங்க. இது பூனை இல்லம்மா, போன பிறவில யாரோ ஓதுவார்."

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல இடமாத்தான் தெரியுது. என்ன சொல்றே? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

எனக்கென்ன என்று சொல்லப் பைண்டர் வாய் திறந்தார். தைத்த ஏடு கைமாறினால் பெயர் நிற்கும். முப்பத்தைந்து ஆண்டில் ஒருவர்கூட அவர் வேலையில் குறை சொன்னதில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலோ, சனி முடிந்து ஞாயிறு விடிவதற்குள் பதினாறு ஓதுவார்களும் ஊருக்கெல்லாம் ஓதிவிடுவார்கள். பலகைமேல் சமஸ்தானம் இன்னொரு முறை உருண்டது.

"அது பாட்டுக்கு வரலை" என்றார்.

"என்னது?"

"பூனைப்புதினான்னு ஒரு செடி ஐயா. பூனைக்கு ரொம்பப் பிடிக்கும். அதை உங்க ஏட்டுக்குள்ள வெச்சுத்தான் காயவெச்சேன். ரெண்டு வாரம். அந்த நிழல் வேலைப்பாடு இல்ல, கறை. எண்ணெய் பூரா தாள்ல இறங்கிடுச்சு. இலையில ஒண்ணும் மிச்சமில்ல. எல்லாம் பதிகத்துலதான் இருக்கு."

தலைவர் ஓரத்துப் பச்சையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்போ என் குரல்?"

"அந்தக் குரலையும் பொறுத்துக்கிட்டு வந்திருக்குன்னா, செடி நல்ல சாதிச் செடின்னுதான் தெரியுது."

தங்கை கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆண்டவன் சொல்லுக்கு நடுவுல பூனைக்குப் போதை வெச்சிருக்கீங்க" என்றார் தலைவர். குரல் பழையபடி துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தது. "இதைக் கொண்டுபோய்க் கூடத்துல வெச்சா, தெருவுல இருக்கிற பூனையெல்லாம் பாராயணத்துக்கு வந்துடும்."

"கூட்டமே வர்றதில்லைன்னு போன மாசம் சொன்னீங்களே" என்றாள் தங்கை.

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து, வேட்டி நுனியைப் பூனையின் பிடியிலிருந்து நகம் நகமாக விடுவித்துக்கொண்டார். வாசலுக்குப் போனவர் அங்கிருந்து திரும்பினார்.

"சொல்லாம இருந்திருக்கலாமேய்யா. எனக்கு ஒரு பூனை கிடைச்சிருக்கும். உங்களுக்கும் பேரு கெட்டிருக்காது. இப்போ எதுக்குச் சொன்னீங்க?"

"பேரு கெட்டா இன்னொரு ஏடு கட்டிக் கொடுத்து வாங்கிக்கலாம். இது போனா எனக்கு வேற இல்ல."

அது தலைவருக்குச் சொன்ன பதில். ஆனால் தங்கையின் காதுக்கும் எட்டும் தூரம்தான்.

"மழைக்கு முன்னாடி வேணும். வேற தாள்ல. ஒரு தழை, ஒரு தும்பு இருக்கக் கூடாது" என்று சொல்லித் தலைவர் படியிறங்கினார். பூனையின் எச்சில் பட்ட ஏட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பூனையை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

சமஸ்தானத்துக்கு அதற்குள் தெளிந்துவிட்டது. அது எழுந்து அமர்ந்து, மார்பை நக்கிச் சீர்செய்து, இவ்வளவு நேரம் உருண்டது வேறு யாரோ என்னும் பாவனையில் ஏட்டின்மேலேயே சுருண்டு படுத்தது. பைண்டர் இரண்டு முழத் தூரத்தில் நின்றார். அது ஓடவில்லை. அவரை ஒரு கண்ணால் பார்த்து, அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

தங்கை கத்தரியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பைண்டர் பின்னால் போனார். அறுக்காமல் விட்டிருந்த இரண்டு தொட்டிகளிலும் செடி இன்னும் பூவோடு நின்றது. பனி காய்ந்திருந்தது. அவள் தண்டை அடியோடு வெட்டி நீட்ட, அவர் புத்தகம் தைக்கும் மெழுகுநூலால் கைப்பிடி கைப்பிடியாகக் கட்டினார்.

"ஆறு மாசமா இதுக்குத்தான் தொட்டிக்குத் தண்ணி ஊத்தினியா?"

"செடின்னா தண்ணி ஊத்தணும்."

"எனக்கு அவ வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய்ல என்ன, பசையா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சொல்லி, நீயும் விட்டுட்டுப் போய், அது என்கிட்ட சாப்பிடாம செத்துப்போச்சுன்னா?"

தங்கை அதைக் கேலி செய்யவில்லை. மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டாமல் காற்று மட்டும் ஊடுருவும் இருண்ட மூலையில், ஆணியடித்துக் கயிறு கட்டி, பதினொரு கட்டுகளையும் இடைவெளி விட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பைண்டர் எட்ட நின்று பார்த்தார்.

"வவ்வாலேதான்" என்றார்.

"ரெண்டு வாரம் தொடாதே. இலை கையில நொறுங்கினா காய்ஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் உருவி, இறுக்கமான மூடி போட்ட சாடில வை. கொடுக்கிறப்போ மட்டும் நொறுக்கு. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சிட்டிகை. தினமும் கொடுத்தா அவளுக்கே அலுத்துடும், உன் பேச்சு மாதிரி." படியில் அமர்ந்தாள். "ஆனா அண்ணா, அவ செடிக்கு வர்றா. உனக்கு இல்ல."

"சின்ன வயசுல நான் பாட்டுக்குப் போனது, முடிஞ்சதும் அங்க கொடுக்கிற இனிப்புக்குத்தான். பொருள் எல்லாம் பின்னாடி மெதுவாத்தான் வந்தது."

அவள் சற்று யோசித்தாள்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரில இருக்கேன், கணக்கு ஒப்படைக்கணும். காலைல நான் எதுவும் போட மாட்டேன். நீ போடு. சாயங்காலம் கிண்ணம் காலியா இருந்தா அவ இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா தலைவர் வீட்டம்மா கால்ல விழுந்தாவது கொடுத்துட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பைண்டர் சுத்தியலைத் தொடவில்லை. தும்மல் வந்த இரண்டு முறையும் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார். காலையில் வேகவைத்து முள்ளெடுத்த மீனைக் கிண்ணத்தில் இட்டு, பலகையிலிருந்து ஒரு முழத்தில் வைத்தார். சமஸ்தானம் ஏட்டின்மேல் இன்னொரு முறை தன் வழிபாட்டை நிகழ்த்தி, தெளிந்து, உறங்கி, எழுந்து, கிண்ணத்தைப் பார்த்தது; அவரைப் பார்த்தது; உண்ணவில்லை. நண்பகலில் மீனை மாற்றினார். சற்று வெதுவெதுப்பாக இருந்தால் மணம் எழும் என்று எண்ணினார். அது கிண்ணத்தை முகர்ந்து, முன்காலால் மண்ணை மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்ப் படுத்தது.

அப்போது அவருக்கு ஒன்று புலப்பட்டது. காலைமுதல் அந்தப் பூனையை அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயில் ஒரு கவளம் போகிறதா என்று ஒருவர் ஏழு மணி நேரம் உற்றுப் பார்த்தால் மனிதனுக்கே தொண்டையில் இறங்காது.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரை நோக்கி அமர்ந்தார். யாரோ கொடுத்திருந்த பழைய அகராதியைப் பிரித்து, ஊசியில் நூல் கோத்து, பாரம் பாரமாகத் தைக்கத் தொடங்கினார். ஓசையில்லாத வேலை. புற்றெழும்ப அமர்ந்து தவம் செய்தவர்களும் உண்டு. பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பாராமல் இருக்கும் தவத்தை அவர்கள் செய்திருப்பார்களா என்பது ஐயமே. அகராதியில் ககரம் முடிந்து, சகரம் முடிந்து, தகரத்தின் நடுவில் ஊசி நின்றபோது, பின்னால் மெல்லிய ஓர் ஒலி கேட்டது. நாக்கு பீங்கானை நக்கும் ஒலி. பைண்டர் திரும்பவில்லை. தகரத்தைத் தைத்தார். நகரத்தையும் தைத்தார். நூல் இருமுறை சிக்கியது. கண் சரியாகத் தெரியவில்லை.

மாலையில் தங்கை வந்து கிண்ணத்தைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, எலும்பு முறிவு தேடுவதுபோல் பார்த்தாள்.

"நீ தின்னுட்டியா?"

"உப்பில்லாத மீனை நான் எதுக்குத் தின்னப்போறேன்."

"உப்பில்லைன்னு எப்படித் தெரியும்?"

பைண்டர் அகராதியைப் பார்த்தார்.

"ஒரு துணுக்கு. சூடு பாக்க."

தங்கை பலகையருகே மண்டியிட்டுப் பூனையின் வாயை முகர்ந்தாள். பிறகு அதன் வயிற்றை, படமெடுக்கும் முன் நோயாளியைத் தொடும் அதே கையால், மெல்ல அழுத்திப் பார்த்தாள். எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போனாள். திரும்பி வருகையில் அவள் கையில் பூனையின் சீப்பும், தடுப்பூசிப் புத்தகமும், கால்நடை மருத்துவரின் முகவரிச் சீட்டும் இருந்தன. அவற்றை அண்ணனின் ஊசிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை இருள் பிரியுமுன் வண்டி வந்தது. அவள் பூனையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, அண்ணனுக்குக் கேட்காதபடி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். வண்டியின் ஒலி தெருமுனையில் தேய்ந்தது.

பைண்டர் கைகால் கழுவி வந்து விளக்கேற்றினார். ஓதுவதற்கு ஏட்டருகே அமர்ந்தார். இடப்பக்கம் முழுவதையும், வலப்பக்கத்தில் முக்காலையும் மறைத்துச் சமஸ்தானம் படுத்திருந்தது. வலப்பக்கத்தின் அடியில் இரண்டு அடிகள் மட்டும் தெரிந்தன. மறைந்தவை அனைத்தும் அவருக்கு மனப்பாடம். பூனையைத் தள்ளாமலே முழுப் பதிகத்தையும் ஓதியிருக்கலாம். ஆனால் அன்று தமக்கு அளிக்கப்பட்டவை அந்த இரண்டே என்று அவருக்குத் தோன்றியது. அவற்றை மெல்லிய குரலில் ஓதினார். மீண்டும் ஓதினார். சன்னல் வெளுக்கும்வரை, பதிகத்துக்குரிய பாடல்கள் எத்தனையோ அத்தனை முறை, அந்த இரண்டு அடிகளையே ஓதினார். பூனையின் விலா உயர்ந்து தாழ்ந்தது. ஓதலும் அதனோடு சேர்ந்து உயர்ந்து தாழ்ந்தது.

முடித்து, விளக்கைத் தொழுத கையை மெதுவாக நீட்டி, அதன் தலையின்மேல் வைத்தார். காது ஒருமுறை துடித்தது, அவ்வளவே.

"நேரத்துக்குப் பசிக்கட்டும். கண்ணு கடைசிவரைக்கும் தெரியட்டும். உன்னை விட்டுட்டுப் போனவ போற எடமெல்லாம் நல்லா இருக்கட்டும். நீயும் நல்லா இருடி, நூறு வருஷம்."